லினக்ஸ் மின்டில் வருஷக்கணக்காகக் குவிந்த வீட்டுக் கோப்புகள்: எங்கிருந்து ஆரம்பிப்பது?

செம்பூர்க்காரி:

வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு டெஸ்க்டாப், லினக்ஸ் மின்ட், 1 டிபி டிஸ்க். இடம் தீரப் போகிறது என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கிறது. பழைய லேப்டாப், அப்பாவின் பென்டிரைவ், தம்பியின் போன் என்று வீட்டில் எது ஓய்வு பெற்றாலும் அதில் இருந்தது முழுவதும் இதில் வந்து சேர்ந்திருக்கிறது. ‘பேக்கப்’ என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ‘பேக்கப் புதுசு’, அதற்குள் மறுபடி ஒரு ‘பேக்கப்’. வீட்டு வாடகைக்கான லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தம் ஒவ்வொரு தடவை புதுப்பித்தபோதும் வந்த பிடிஎஃப், சொசைட்டி மெயின்டனன்ஸ் ரசீதுகள், கல்யாண ஃபோட்டோக்கள், வாட்ஸப்பில் வந்தவை எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்து கிடக்கின்றன. இவற்றுக்கு நடுவில் அப்பா எங்கள் பகுதி மன்றத்துக்காக 90களின் கடைசியிலிருந்து டைப் செய்த நாடகங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு பக்கம்கூடப் போய்விடக் கூடாது, எனக்கு முக்கியமே அதுதான்.

விஷயவாரியாக ஃபோல்டர் போடுவதா, வருஷவாரியாகவா? எந்தக் கருவி நல்லது? டெர்மினல் ஓரளவு பழக்கம் உண்டு.

முலுண்டு மேற்கு:

ஃபோல்டர் கேள்வி இரண்டாவது. முதலில் இடத்தை எது தின்கிறது என்று பாருங்கள், பல வீடுகளில் அது ஃபோட்டோவோ ஆவணமோ இல்லை. மின்டிலேயே டிஸ்க் யூசேஜ் அனலைசர் இருக்கிறது, அதைத் திறந்து ஹோம் ஃபோல்டரை அலசச் சொல்லுங்கள். டெர்மினல் பிடிக்கும் என்றால் என்சிடியு என்ற கருவியைப் போட்டுக்கொள்ளுங்கள், அம்புக்குறியிலேயே உள்ளே போய் வெளியே வரலாம், பெரியது மேலே நிற்கும். ஒரு எச்சரிக்கை: அதில் டி எழுத்தை அழுத்தினால் ஒரு தடவை கேட்டுவிட்டு நிரந்தரமாக அழித்துவிடும், குப்பைத்தொட்டிக்குப் போகாது. மைனஸ் ஆர் சேர்த்துத் திறந்தால் அழிக்கும் வசதியே இருக்காது, இப்போதைக்கு அப்படியே திறங்கள்.

பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. ஹோமில் கன்ட்ரோல் எச் அழுத்தினால் புள்ளியில் தொடங்கும் மறைவு ஃபோல்டர்கள் தெரியும். அதில் கேஷ் என்பது பிரவுசரும் தம்ப்நெயிலும் சேர்த்து வைப்பது, அழித்தாலும் தானாக மறுபடி உருவாகும், எல்லா புரோகிராமையும் மூடிவிட்டுக் காலி செய்யலாம். லோக்கல், ஷேர், டிராஷ் என்று உள்ளே போனால் குப்பைத்தொட்டி, அதில் எவ்வளவு கிடக்கிறது என்று பாருங்கள். ஆனால் தண்டர்பேர்டு, மொஸில்லா, எஸ்எஸ்எச், க்னூபிஜி என்று புள்ளியோடு இருப்பவற்றில் கை வைக்காதீர்கள். தண்டர்பேர்டில் மெயில் பார்த்தால் மெயில் முழுவதும் அந்த மறைவு ஃபோல்டரில்தான் இருக்கும்.

ஹோமுக்கு வெளியே ஒன்று. மின்டில் டைம்ஷிஃப்ட் என்ற கருவி தானாக ஸ்னாப்ஷாட், அதாவது சிஸ்டத்தின் அந்த நேரத்து நகல், எடுக்கும்படி போட்டிருந்து, அதுவும் இதே டிஸ்க்கில் எடுக்கிறது என்றால், டைம்ஷிஃப்ட் என்ற ஃபோல்டரே பெரிதாக வளர்ந்திருக்கும். எத்தனை வைத்துக்கொள்வது என்பதை அதன் அமைப்பில் குறைத்துவிடலாம்.

மாட்டுங்கா டெர்மினல்:

முலுண்டுக்காரர் சொன்னது இடத்துக்குச் சரி. ஒழுங்குக்கு நான் வேறொரு கேள்வியிலிருந்து தொடங்குவேன்: இது தொலைந்தால் மறுபடி கிடைக்குமா? கோப்பு எந்த விஷயத்தைப் பற்றியது, எந்த வருஷத்தது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மின்ட் போட இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பு, டவுன்லோட் செய்த படம், பிரின்டர் டிரைவர், யாரோ அனுப்பிய பஞ்சாங்கம், இதெல்லாம் மறுபடி கிடைக்கும். ஆதார் பிடிஎஃப் ஆதார் தளத்திலிருந்து எத்தனை தடவை வேண்டுமானாலும் இறக்கலாம். வருமான வரி ஒப்புகை வரித்துறையின் இ-ஃபைலிங் தளத்தில் இருக்கிறது. 2015இல் டிஜிலாக்கர் வந்த பிறகு லைசென்ஸும் ஆர்சியும்கூட அப்படித்தான். அவற்றின் பழைய பிரதிகளைத் தேடி அடுக்கி உட்கார வேண்டியதில்லை. அப்பாவின் நாடகம், கல்யாண ஃபோட்டோ, பாட்டியின் குரல் பதிவு, கையெழுத்துக் கடிதத்தின் ஸ்கேன், இவற்றின் ஒரே பிரதி உலகத்திலேயே உங்கள் டிஸ்க்கில்தான் இருக்கிறது.

ஹோமில் இரண்டே ஃபோல்டர் போடுங்கள். ஒன்று ‘கிடைக்கும்’, இன்னொன்று ‘கிடைக்காது’. எல்லாவற்றையும் முதலில் இந்த இரண்டில் ஒன்றுக்கு மாற்றுங்கள். ஒரே பார்ட்டிஷனுக்குள் நகர்த்தினால் பெயர் மட்டும்தான் மாறும், எவ்வளவு பெரிய ஃபோல்டரும் நொடியில் நகர்ந்துவிடும், எனவே இதற்கு நேரம் ஆகாது. சந்தேகம் வந்தால் ‘கிடைக்காது’ பக்கம் போடுங்கள். அப்புறம் உங்கள் உழைப்பு முழுவதும் அந்தப் பக்கத்துக்கு மட்டும். எல்லாவற்றுக்கும் சம மரியாதை கொடுத்து அடுக்க ஆரம்பிப்பவர்கள் ஐஎஸ்ஓவை அடுக்குவதற்குள்ளேயே களைத்துப்போய் நாடகம் இருக்கும் ஃபோல்டரைத் திறக்காமலே விட்டுவிடுகிறார்கள். நான் உதவப் போன வீடுகளில் இது சகஜம்.

கல்யாண் லோக்கல்:

அக்கா, ‘பேக்கப்புக்குள் பேக்கப்’ என்றால் ஒரே கோப்பு பல இடத்தில் இருக்கும், அதைக் கண்ணால் தேட வேண்டாம். பெயரை வைத்தும் தேட வேண்டாம், ஏனென்றால் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’ இரண்டும் ஒரே கோப்பாக இருக்கலாம், ஒரே பெயரில் இரண்டு வேறு கோப்பும் இருக்கலாம். உள்ளடக்கத்தை ஒப்பிடும் கருவிதான் வேண்டும். எஃப்டூப்ஸ் என்ற கருவி முதலில் அளவைப் பார்க்கும், அளவு ஒன்றாக இருந்தால் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எம்டி5 என்ற அடையாள எண், அதுவும் ஒன்றாக இருந்தால் பைட் பைட்டாக ஒப்பிடும். நம்பலாம்.

எனக்குப் பிடித்தது ஆர்எம்லின்ட். அது எதையும் தானாக அழிக்காது, அழிப்பதற்கான ஒரு ஸ்கிரிப்ட்டை எழுதி உங்கள் கையில் கொடுத்துவிடும். அதை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து எது போகிறது, எது நிற்கிறது என்று வரி வரியாகப் படித்துவிட்டு, திருப்தியானால் மட்டும் ஓட்டலாம். இன்னொன்று, கட்டளையில் இரண்டு சாய்கோடு போட்டு அதற்குப் பின்னால் ஒரு ஃபோல்டரைக் கொடுத்தால் அதைத்தான் மூலமாக எடுத்துக்கொள்ளும், மைனஸ் கே சேர்த்தால் அங்கே உள்ளதில் ஒன்றைக்கூட அழிப்புப் பட்டியலில் சேர்க்காது. நீங்கள் நன்றாக அடுக்கிய ஃபோல்டரை அங்கே வையுங்கள், குவியலை முன்னால் வையுங்கள்.

இதை ‘கிடைக்காது’ ஃபோல்டரில் மட்டும் ஓட்டுங்கள், ஹோம் முழுவதும் வேண்டாம். புரோகிராம் ஃபோல்டர்களிலும் யாராவது புரோகிராம் எழுதும் ஃபோல்டர்களிலும் ஒரே மாதிரிச் சின்னக் கோப்புகள் பல இடத்தில் இருந்தே ஆக வேண்டும், அங்கே டூப்ளிகேட் நீக்கினால் அது ஓடாது.

வாட்ஸப் ஃபோட்டோ மட்டும் இதில் சிக்காது. அனுப்பும்போது சுருக்கிவிடுகிறது, அதனால் கண்ணுக்கு ஒரே படம், பைட்டுக்கு வேறு கோப்பு. அதற்கு ச்கவ்கா என்று ஒன்று இருக்கிறது, பார்வைக்கு ஒத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். அதில் எப்போதும் பெரிய கோப்பை வைத்துக்கொள்ளுங்கள், கேமராவிலிருந்து வந்த மூலம் அதுதான், எடுத்த தேதியும் அதற்குள்தான் இருக்கும்.

ஃபைண்ட் கட்டளையோடு டெலீட் சேர்த்துக் காலி ஃபோல்டர்களை நீக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அது நல்ல வழிதான், ஆனால் ஃபைண்ட் இடமிருந்து வலமாகப் படிக்கும். ‘காலியாக இருந்தால்’ என்ற நிபந்தனைக்கு முன்னால் டெலீட் என்று எழுதினால் நிபந்தனையைப் பார்ப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் அழித்துவிடும். டெலீட் எப்போதும் கடைசிச் சொல்லாக இருக்கட்டும், முதல் தடவை அது இல்லாமலே ஓட்டிப் பட்டியலை மட்டும் பாருங்கள்.

செம்பூர்க்காரி:

எல்லோருக்கும் நன்றி. டைம்ஷிஃப்ட் ஊகம் சரியாக இருந்தது, கணிசமான இடம் அதில்தான் இருந்தது. இரண்டு ஃபோல்டர் பிரிப்பும் ஆகிவிட்டது, அம்மாவே உட்கார்ந்து பிரித்தார், அந்தக் கேள்வி அவருக்கு உடனே புரிந்தது.

இப்போது வேறு சிக்கல். அப்பாவின் பழைய விண்டோஸ் டிஸ்க்கைச் செருகி நாடகங்களை இதற்கு மாற்றினால் சில கோப்புகளுக்கு ‘பெயர் மிக நீளம்’ என்று நின்றுவிடுகிறது. பெயர் தமிழில்தான் இருக்கிறது, நாடகத் தலைப்பு, மேடையேறிய இடம், தேதி எல்லாம் சேர்த்து எழுதியிருக்கிறார். விண்டோஸில் திறந்த பெயர் இங்கே ஏன் நீளமாகிறது? இன்னொன்று, ‘கொடி’ என்று தொடங்கும் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் ஒரே ஃபோல்டரில் நிற்கின்றன. அது எப்படி முடியும்?

தொண்ணூறடிச்சாலை:

இரண்டுமே தமிழ் போன்ற எழுத்துகளில் பெயர் வைத்தால் வரும் சிக்கல்கள். ஆங்கிலத்தில் பெயர் வைப்பவர்களுக்கு இது வரவே வராது, அதனால் பொதுவான வழிகாட்டிகளில் எழுதவும் மாட்டார்கள்.

விண்டோஸ் டிஸ்க்கில் கோப்புகளை வைக்கும் முறையான என்டிஎஃப்எஸ் ஒரு பெயரில் 255 குறிகளை அனுமதிக்கும், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் ஒன்றாகத்தான் கணக்கு. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 அனுமதிப்பது 255 பைட். லினக்ஸ் பெயர்களை எழுதும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். ‘நாடகம்’ என்ற சொல் கண்ணுக்கு நாலு எழுத்து, ஆனால் கால் ஒரு குறி, மெய்யின் புள்ளி ஒரு குறி, ஆக 6 குறி, 18 பைட். மொத்தத்தில் 85 குறிக்கு மேல் போனால் இங்கே நிற்காது. மின்ட் போடும்போது ஹோம் ஃபோல்டரை என்கிரிப்ட் செய்யச் சொல்லியிருந்தால் இன்னும் குறைவு, அதில் 143 பைட்தான், அதாவது 47 குறி. ஆர்சிங்க் என்ற கட்டளையில் நகலெடுங்கள், தடுக்கும் பெயர்களைப் பிழைச் செய்தியில் சொல்லிவிட்டு மற்றவற்றைத் தொடர்ந்து எடுக்கும். தடுத்தவற்றை அப்பாவின் டிஸ்க்கிலேயே சுருக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். சுருக்கும்போது இடம், நடித்தவர்கள் போன்ற விவரத்தை வீசிவிட வேண்டாம், அதே ஃபோல்டரில் ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பில் முழுப் பெயரையும் எழுதி வையுங்கள்.

இரண்டு ‘கொடி’ விஷயம்: ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒகர உயிர்க்குறியை ஒரே குறியாக எழுதுவது ஒன்று, ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியாக எழுதுவது இன்னொன்று. திரையில் வித்தியாசம் தெரியாது, லினக்ஸுக்கோ கோப்புப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை, எனவே அவை இரண்டு வேறு பெயர்கள். வீட்டில் யாராவது பழைய மேக் பயன்படுத்தியிருந்தால் அங்கிருந்து வந்திருக்கும், அதன் எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும். கான்வ்எம்வி என்ற கருவி எல்லாப் பெயர்களையும் என்எஃப்சி என்ற சேர்ந்த வடிவத்துக்கு மாற்றும். சும்மா ஓட்டினால் என்ன செய்யப் போகிறேன் என்று மட்டும் சொல்லும், நோடெஸ்ட் என்று சேர்த்தால்தான் உண்மையில் மாற்றும். மாற்றுவதற்கு முன் அந்த இரண்டு கோப்புகளையும் திறந்து பாருங்கள், உள்ளடக்கம் வேறாக இருந்தால் ஒன்றுக்கு வேறு பெயர் கொடுத்துவிடுங்கள்.

செம்பூர்க்காரி:

பழைய மேக் தம்பியுடையது, அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். பெயர்கள் சரியாகிவிட்டன, நன்றி. இரண்டு கொடியும் வேறு வேறு வடிவம், ஒன்றில் கடைசிக் காட்சி கூடுதலாக இருக்கிறது, இரண்டையும் வைத்துக்கொண்டேன். ஆனால் திறந்தால் பல நாடகங்கள் எழுத்தாகவே வரவில்லை. சிலவற்றில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக, சிலவற்றில் மேலே கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகளாக வருகின்றன. கோப்பு கெட்டுவிட்டதா?

மாட்டுங்கா டெர்மினல்:

கெடவில்லை, நிம்மதியாக இரும்மா. யூனிகோடு பரவுவதற்கு முன்னால் டைப் செய்தவை அவை, எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தால் பெரும்பாலும் பாமினி எழுத்துரு. ஒரு சோதனை சொல்கிறேன்: எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று சின்ன எழுத்தில் வரிசையாக வந்தால் பாமினியில் அது ‘அம்மா’. நாடகத்தில் அந்தச் சொல் வராமல் இருக்காது, தேடிப் பார். ஐரோப்பிய எழுத்தாக வருவது டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கமாக இருக்கலாம்.

டிஸ்கி வெறும் டெக்ஸ்ட் கோப்பாக இருந்தால் உன் கணினியிலேயே மாற்றும் கருவி இருக்கிறது, லினக்ஸோடு வரும் ஐகான்வ் கட்டளைக்கு டிஸ்கி தெரியும், அதிலிருந்து யூடிஎஃப்-8க்கு மாற்றச் சொன்னால் போதும். பாமினியை ஐகான்வ் அறியாது, ஏனென்றால் கணினியைப் பொறுத்தவரை அது சாதாரண ஆங்கிலம்தான். அதற்கு ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் தொகுப்பில் மாற்றிகள் இருக்கின்றன. வேர்டு கோப்பாக இருந்தால் லிப்ரெ ஆபீஸில் திறந்து ஒரு வரியில் கர்சரை வைத்தால் எழுத்துருவின் பெயர் மேலே தெரியும், அதுவே எந்த வகை என்று சொல்லிவிடும்.

மாற்றியதைப் புதுப் பெயரில் பக்கத்தில் வை, மூலக் கோப்பைத் தொடாதே. மாற்றிகள் சில இடத்தில் கொம்பையும் காலையும் இடம் மாற்றிவிடும், அப்போது மூலத்தைப் பார்த்துத்தான் திருத்த முடியும். அப்பா பக்கத்தில் இருக்கும்போதே இதைச் செய். எந்தப் பிரதி மேடைக்குப் போனது, எது வெட்டிய காட்சி என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

முலுண்டு மேற்கு:

விஷயமா வருஷமா என்ற முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. என் கருத்து, ஃபோட்டோவுக்கு வருஷம், ஆவணத்துக்கு விஷயம். ஃபோட்டோவை எக்ஸிஃப்டூல் தானாகவே எடுத்த தேதிப்படி பெயர் மாற்றி வருஷ ஃபோல்டருக்குள் போட்டுவிடும். வாட்ஸப் படத்தில் எடுத்த தேதி அழிந்திருக்கும், ஆனால் கோப்புப் பெயரிலேயே வந்த தேதி இருக்கும், அதை வைத்துக்கொள்ளலாம். ஸ்கேன் செய்த பழைய ஃபோட்டோவில் ஜாக்கிரதை, அதில் இருப்பது ஸ்கேன் செய்த தேதி, 1987இல் நடந்த கல்யாணம் 2019 ஃபோல்டரில் போய் உட்காரும். அவற்றைக் கையால்தான் செய்ய வேண்டும். பெயரின் தொடக்கத்தில் வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் அகர வரிசையே கால வரிசையாகிவிடும். கோப்பின் மாற்றத் தேதியை நம்பி விட்டுவிடாதீர்கள், சிபி கட்டளையில் சும்மா நகலெடுத்தாலே அது இன்றைய தேதியாகிவிடும், மைனஸ் ஏ போட்டால்தான் பழையது நிற்கும்.

கல்யாண் லோக்கல்:

ஆவணத்துக்கு விஷய ஃபோல்டர் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டு ஒப்பந்தம் ‘வீடு’ ஃபோல்டரா, எச்ஆர்ஏவுக்குக் கொடுத்ததால் ‘வரி’ ஃபோல்டரா, பாஸ்போர்ட்டுக்கு முகவரிச் சான்றாகக் கொடுத்ததால் அங்கேயா? யோசித்தே நேரம் போகும், அப்புறம் மூன்று இடத்திலும் ஒரு நகல் வந்துவிடும். எல்லா ஆவணத்தையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டுத் தேடுவதுதான் சுலபம். ரீகால் என்ற தேடுபொறி கோப்பின் உள்ளடக்கத்தையே அட்டவணைப்படுத்திவிடும். ஸ்கேன் பிடிஎஃப்பில் எழுத்து இல்லாமல் படம் மட்டும் இருக்கும், அதற்கு ஓசிஆர்மைபிடிஎஃப் ஓட்டினால் படத்துக்குப் பின்னால் தேடக்கூடிய எழுத்தைச் சேர்த்துவிடும். அது பயன்படுத்தும் டெசராக்ட்டுக்குத் தமிழும் தெரியும், தமிழ் மொழிப் பொதியைத் தனியாகப் போட வேண்டும். நம் மும்பையில் மராத்தியும் போட்டுக்கொள்ளுங்கள், சொசைட்டி நோட்டீஸும் முனிசிபாலிட்டி காகிதமும் அதில்தான் வரும். ஆங்கிலத்தோடு சேர்த்து மூன்று மொழியையும் ஒரே கட்டளையில் கொடுக்கலாம்.

முலுண்டு மேற்கு:

தேடல் உங்களுக்கும் எனக்கும் சரி. அந்த வீட்டில் அம்மாவும் அந்தக் கணினியைப் பயன்படுத்துகிறார், அவசரத்தில் ரேஷன் கார்டு வேண்டும் என்றால் அவர் ஃபோல்டரைத்தான் திறப்பார். இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல் நாலைந்து விஷய ஃபோல்டர் போதும், பெயரில் யாருடையது என்பது இருக்கட்டும். தேடலை அதன் மேல் வைத்துக்கொள்ளலாம்.

கல்யாண் லோக்கல்:

அம்மாவை யோசித்தால் நீங்கள் சொல்வது சரிதான்.

தொண்ணூறடிச்சாலை:

எல்லாம் சரி, அழிக்கும் வேலையைத் தொடங்குவதற்கு முன் நகல் எடுத்தாகிவிட்டதா? டைம்ஷிஃப்ட் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், அது சிஸ்டத்துக்கு மட்டும், ஹோம் ஃபோல்டரை இயல்பாகவே விட்டுவிடும். லேமிங்டன் ரோட்டில் இரண்டு வெளி டிஸ்க் வாங்கி ‘கிடைக்காது’ ஃபோல்டரை இரண்டிலும் ஆர்சிங்க் செய்யுங்கள். டிஸ்க்கை ஈஎக்ஸ்டி4ஆக ஃபார்மேட் செய்துகொண்டால் நல்லது, எஃப்ஏடி32இல் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு ஏறாது, கல்யாண வீடியோ அங்கேயே நிற்கும். ஆர்சிங்க்கில் மூல ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு இருந்தால் உள்ளே இருப்பதை மட்டும் எடுக்கும், இல்லாவிட்டால் ஃபோல்டரோடு எடுக்கும். டெலீட் தேர்வோடு இதைத் தப்பாகக் கொடுத்தால் அந்தப் பக்கம் இருப்பதை அழித்துவிடும், எனவே மைனஸ் என் போட்டு ஒத்திகை பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

ஒரு டிஸ்க் வீட்டில், இன்னொன்று வேறு வீட்டில். இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியபோது எங்கள் பக்கத்துத் தரைத்தள வீடுகளில் சிபியு, ஆல்பம், சிடி பெட்டி எல்லாம் ஒன்றாகத்தான் தண்ணீருக்குள் போயின. பேக்கப் எடுத்து வைத்திருந்தவர்களுடையதும் அதே அலமாரியின் கீழ்த்தட்டில்தான் இருந்தது. ஊருக்குப் போகும்போது ஒரு டிஸ்க்கை அங்கே விட்டுவிட்டு, அடுத்த தடவை போகும்போது புதுசைக் கொடுத்துப் பழையதை எடுத்து வாருங்கள். ஃபோட்டோ சிடி ஏதாவது வீட்டில் இருந்தால் இந்த மழைக்கு முன் அதையும் படித்து ஏற்றிவிடுங்கள், இந்த ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் அப்புறம் படிக்க முடியாது.

செம்பூர்க்காரி:

நகல் இரண்டும் எடுத்தாகிவிட்டது, ஒன்று அடுத்த மாதம் திருநெல்வேலி போகிறது. அதற்குப் பிறகுதான் ஆர்எம்லின்ட் ஓட்டினேன், ஸ்கிரிப்ட்டை அப்பாவும் கூட உட்கார்ந்து பார்த்தார். பாமினி நாடகங்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. ஒரே ஒரு கேள்வி பாக்கி: பழைய பென்டிரைவில் இருந்ததையெல்லாம் ஃபைல் மேனேஜரில் அழித்த பிறகும் இடம் இல்லை என்கிறது. ஏன்?

கல்யாண் லோக்கல்:

பென்டிரைவில் அழித்தால் ஹோமில் உள்ள குப்பைத்தொட்டிக்குப் போகாது அக்கா, அதிலேயே புள்ளி டிராஷ் ஹைஃபன் 1000 என்று ஒரு மறைவு ஃபோல்டர் உண்டாகி அதற்குள் கிடக்கும். 1000 என்பது கணினியில் முதலில் சேர்த்த பயனரின் எண். பென்டிரைவைச் செருகிய நிலையிலேயே டெஸ்க்டாப் குப்பைத்தொட்டியைக் காலி செய்யுங்கள், அதுவும் சேர்ந்து போய்விடும். கழற்றிய பிறகு காலி செய்தால் அதில் இருப்பது அப்படியே இருக்கும். வெளி டிஸ்க்குக்கும் இதேதான். வெளி டிஸ்க்கில் இன்னொரு கணக்கும் உண்டு: ஈஎக்ஸ்டி4 ஃபார்மேட் செய்யும்போது 5 சதவீதத்தை ரூட் என்ற நிர்வாகக் கணக்குக்கென்று ஒதுக்கிவிடும், 1 டிபியில் அது ஏறக்குறைய 50 ஜிபி. சிஸ்டம் இல்லாமல் கோப்புகள் மட்டும் இருக்கும் டிஸ்க்குக்கு அவ்வளவு தேவையில்லை, டியூன்2எஃப்எஸ் கட்டளையில் மைனஸ் எம் போட்டு 1 ஆக்கிக்கொள்ளலாம். உள்ளே இருப்பவை எதுவும் மாறாது.